கடலுக்குப் போன மணல்

17 ஆகஸ்ட் 1998, திங்கள்

மாடி அறைக்கு ஒருவழியாக ஆள் வந்துவிட்டது. ஜெர்மனிக்காரர்கள். கணவர் ஹெர்பர்ட், மனைவி உர்சுலா. இருவருக்கும் அறுபது இருக்கும், நம் வயதுதான். சொந்தப் பாய்மரப் படகில் நாடு நாடாகப் போகிறவர்களாம். மே மாதம் கொச்சியில் படகிலிருந்து கரையில் கால் வைக்கும்போது ஹெர்பர்ட் வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்துவிட்டது. சமுத்திரங்களைத் தாண்டி வந்த மனிதர் கரையில் விழுந்தார்! இங்கே பெங்களூர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆயிற்று. இனி மாதக்கணக்கில் பயிற்சி. படகு கொச்சியில் கட்டிக் கிடக்கிறது. மழைக்காலம் முடியாமல் எப்படியும் அதை வெளியே எடுக்க முடியாது.

கூட்டி வந்தது மோனிகா. என்னிடம் எட்டாவது படித்தவள். இப்போது அந்த ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். கால் உடைந்தவருக்கு மாடி அறையா என்று கேட்டேன். "படி ஏறி எறங்கறதுதான் டீச்சர் அவருக்கு எக்ஸர்சைஸே" என்றாள்.

கோமளத்துக்குத்தான் முகம் சரியில்லை. "பேப்பர் போட்டு பாத்ரூம அடைச்சாங்கன்னா யாருக்கா குத்தி எடுக்கிறது? நீயா?" என்றாள். என் தங்கை எதையும் கடைசியிலிருந்துதான் யோசிப்பாள். அவள் வீட்டுக்காரர் போனபின் ஒக்கலிபுரத்து இந்த வீட்டுக்கு வந்தவள். இருபது வருஷம் ஆகப்போகிறது. நான் பாடம் நடத்தினேன், அவள் வீட்டை நடத்தினாள்.

23 ஆகஸ்ட்

உர்சுலாவுக்கும் நம் ஊர் ரொட்டிக்கும் ஆகவில்லை. கடை பிரெட்டைக் கையில் பிடித்து அமுக்கினார். அமுங்கியது. விட்டார். எழுந்து நின்றது. "இது ரொட்டி இல்லை டீச்சர், தலையணை" என்றார். (ஊரே கூப்பிடுவதைப் பார்த்து அவரும் டீச்சர் என்கிறார்.)

படகில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அங்கேயும் கஷ்டம்தான். ரொட்டி சுடும் அடுப்பு உப்புக் காற்றில் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது. டப்பா ஈஸ்ட் வெயிலில் செத்துப்போகிறது. ஊரிலிருந்து கொண்டுவந்து வருஷக்கணக்காகக் காப்பாற்றிய புளித்த மாவு, கொச்சி வெயிலில் ஒரே வாரத்தில் கெட்டுப்போனது. வளர்த்த பூனை செத்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

"நான் சாதாரண கேஸ் அடுப்பில் சுட்டுக் காட்டுகிறேன்" என்றேன்.

"எதற்குள் வைத்து?"

"குக்கருக்குள்."

சிரித்தார். ஜெர்மனிக்காரரிடம் ரொட்டியைப் பற்றி வாய் விடுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். இருந்தாலும் விட்டுவிட்டேன்.

28 ஆகஸ்ட்

முதல் பாடம். குக்கருக்குள் இரண்டு விரல் உயரத்துக்கு மணல். மணல்மேல் ஒரு வளையம். வளையத்தின்மேல் மாவு வைத்த பாத்திரம். மூடியில் ரப்பர் கிடையாது, வெயிட் கிடையாது, உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. கேஜிஎஃப் தங்கவயலில் நாங்கள் பிறந்து வளர்ந்த சுரங்க லைன் வீடுகளில், கிறிஸ்துமஸ் வந்தால் அண்டாவில் மணலைக் கொட்டி, மூடிமேல் தணல் போட்டு கேக் சுடுவார்கள். அதைத்தான் நான் குக்கருக்கு மாற்றிக்கொண்டேன்.

"மணல் எதற்கு?" என்று கேட்டார்.

உதாரணம் சொன்னேன். அடுப்பு என்பது கத்துகிற ஹெட்மாஸ்டர். அவர் நேரே வகுப்புக்குள் வந்தால் பிள்ளைகள் கருகிப்போவார்கள். நடுவில் ஒரு நல்ல ஆசிரியர் நின்று, அந்தச் சூட்டைத் தான் வாங்கி, பிள்ளைகளுக்கு மெதுவாகக் கொடுக்க வேண்டும். மணல்தான் அந்த ஆசிரியர்.

உர்சுலா மணலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தனியாகச் செய்து பார்க்கிறேன் என்று குக்கரை மாடிக்கு எடுத்துப்போனார்.

29 ஆகஸ்ட்

மாடியிலிருந்து விசில்!

ரப்பரும் வெயிட்டும் இல்லாமல் குக்கரை அடுப்பில் ஏற்ற அவருடைய ஜெர்மன் மனம் இடம் கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் பூட்டி, பயந்துகொண்டு கொஞ்சம் தண்ணீரும் விட்டுவிட்டார். திறந்தால் உள்ளே வெள்ளையாக, ஈரமாக, குண்டாக ஒன்று. கோமளம் எட்டிப் பார்த்துவிட்டு, "இட்லி நல்லா வந்துகீதுக்கா. சட்னி அரைக்கட்டா?" என்றாள். என்ன சொல்கிறாள் என்று உர்சுலா கேட்டார். சொன்னேன். படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தார். கோமளம் நிஜமாகவே சட்னி அரைத்தாள். சாப்பிட்டோம். மோசமில்லை.

15 செப்டம்பர், செவ்வாய்

இன்று முதல் உர்சுலாவை 'அவள்' என்றே எழுதப்போகிறேன். நேற்று மழை வந்தபோது கொடியிலிருந்த என் புடவைகளை அள்ளிவந்து மடித்து வைத்தவளை இன்னும் எத்தனை நாள் 'அவர்' என்பது?

மாலையில் கூடத்துச் சுவரிலிருக்கும் உலகப் படத்தின் முன் நின்று, வந்த வழியை விரலால் காட்டினாள். முப்பத்திநான்கு வருஷம் பூகோளம் நடத்தினேன். தென்மேற்குப் பருவக்காற்றுக்கு நீலச் சாக்பீஸில் அம்புக்குறி, வடகிழக்குக்கு வெள்ளையில். நான் அம்புக்குறி போட்டேன். இவள் அந்த அம்புக்குறிமேல் உட்கார்ந்து வந்திருக்கிறாள்.

நீ கடலில் போயிருக்கிறாயா என்றாள். இரண்டு முறை பள்ளிச் சுற்றுலாவில் மெட்ராஸ் கடற்கரைக்குப் போனேன். கணுக்கால் வரை. அப்போதும் கடலை எங்கே பார்த்தேன்? பிள்ளைகளின் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஹெர்பர்ட் அதிகம் பேசமாட்டார். ஆனால் சாங்கியம் பார்ப்பதில் நம் ஊர்க்காரர்களைத் தோற்கடிப்பார். வெள்ளிக்கிழமை பயணம் தொடங்கமாட்டாராம். படகில் யாரும் சீட்டி அடிக்கக் கூடாதாம், புயல் வந்துவிடுமாம். "குக்கர் விசில் அடித்தால்?" என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "அதனால்தான் வெயிட் வேண்டாம் என்கிறீர்கள்" என்றார். வேடிக்கையாகச் சொன்னாரா, நிஜமாகவா, தெரியவில்லை.

4 அக்டோபர்

ரொட்டி சுடுவது இப்போது அவளுக்கு வந்துவிட்டது. பிரச்சினை புளித்த மாவு. நான் முந்தின நாள் மாவில் ஓர் உருண்டை எடுத்துவைத்து, அடுத்த நாள் மாவில் சேர்ப்பேன். பெங்களூர்க் குளிருக்கு அது சரி. கடலில், உச்சி வெயிலில், இரண்டே நாளில் நாறும்.

யோசித்தேன். நம் வீடுகளில் ஈரமாக இருந்தால் கெட்டுப்போவதை என்ன செய்வோம்? வடகம் போடுவோம்!

"மாவு வடகம்" என்று கோமளத்திடம் சொன்னேன். "எலும்பு முறிஞ்சது அவருக்கு. உனக்கு இன்னாக்கா ஆச்சு?" என்றாள். ஆனால் பழைய வேட்டியை அவள்தான் கிழித்துக் கொடுத்தாள்.

13 அக்டோபர்

தோல்வி. மழைவிட்ட நல்ல வெயில் என்று மொட்டைமாடித் தரையில் பரப்பினேன். காய்ந்தது, மொறுமொறுவென்று உடைந்தது. வெந்நீரில் ஊறவைத்தால் பிணம்போலக் கிடக்கிறது. தரைச் சூட்டில் உள்ளே இருந்த உயிரும் போய்விட்டது. நேர்வெயில் கூடாது. நிழலில், காற்றில் காய வேண்டும்.

3 நவம்பர், செவ்வாய்

உயிர் வந்துவிட்டது. நிழலில் காயவைத்துப் பொடித்த செதில்களை டப்பாவிலிருந்து எடுத்து, வெதுவெதுப்பான நீரில் மாவோடு கரைத்துவைத்தோம். மூன்றாம் நாள் குமிழி விட்டது. இன்று சுட்டோம். மேலே பொன்னிறம், தட்டினால் தபேலாச் சத்தம். ஹெர்பர்ட் வெண்ணெய் தடவித் தின்றார். இன்னொரு துண்டு தின்றார். பிறகு ஜெர்மனில் ஏதோ சொன்னார்.

உர்சுலா என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஜனவரியில் கொச்சியிலிருந்து கோவா போகிறோம். கரையோரமாகத்தான். பத்து நாள். ரொட்டி கற்றுக்கொடுத்தவரையும் கூட்டிப்போக வேண்டும் என்கிறார். வருகிறாயா டீச்சர்?"

கூடத்து உலகப் படத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

பகலில் கடலிலிருந்து கரைக்குக் காற்று, இரவில் கரையிலிருந்து கடலுக்கு. கடற்காற்று, நிலக்காற்று. வரைபடம் வரைந்து விளக்குக, ஐந்து மதிப்பெண். அந்த இரண்டு காற்றையும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டுதான் போவார்களாம். வருகிறேன் என்றேன்.

சாப்பிடும்போது கோமளத்திடம் சொன்னேன். "பத்து நாளா? ம்" என்றாள். ரசம் ஊற்றினாள்.

8 நவம்பர்

கொச்சி முதல் கோவா வரை. எழுதிப் பார்த்தேன். எழுத்தில் நன்றாகத்தான் இருக்கிறது.

1 டிசம்பர், செவ்வாய்

பேங்கில் பென்ஷன் வரிசை. நிற்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன் — வாய் நிற்கவில்லை. கன்னட டீச்சர் பார்கவி "ஈ வயஸ்ஸினல்லா?" என்று வாயில் கைவைத்தாள். இந்த வயதில்தானம்மா, வேறு எந்த வயதில் நமக்கு லீவு கிடைத்தது?

வரும் வழியில் கேன்வாஸ் ஷூ வாங்கினேன், வழுக்காத அடி உள்ளதாக. கோமளம் புரட்டிப் பார்த்துவிட்டு மூலையில் வைத்தாள்.

5 டிசம்பர்

மூட்டை கட்டும் வேலை. கடற்கரை மணலை அப்படியே குக்கரில் போட்டால் உப்பு அலுமினியத்தை அரித்துவிடும். அதைக் கழுவப் படகில் நல்ல தண்ணீர் ஏது? அதனால் பக்கத்தில் கட்டும் வீட்டிலிருந்து ஆற்று மணல் கேட்டு வாங்கினோம். கோமளம்தான் சலித்து, கழுவி, காயவைத்து, பை தைத்துக் கட்டினாள். "கடலுக்கு மண்ணு எத்தினு போற ஜனத்த இப்பத்தான் பாக்குறேன்" என்றாள்.

நான் மார்க்கெட் போய் வருவதற்குள் அவளும் உர்சுலாவும் அடுக்களையில் வெகுநேரம் பேசியிருக்கிறார்கள். கோமளத்தின் இங்கிலீஷை வைத்து என்னதான் பேசினார்களோ! நான் நுழைந்ததும் உர்சுலா எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். கிளம்புகிற நேரம், யாருக்கும் மனசு ஒரு மாதிரிதான் இருக்கும்.

7 டிசம்பர், திங்கள்

கொச்சிக்குக் கிளம்பிவிட்டார்கள். படகைத் தயார் செய்ய ஒரு மாதம் ஆகும். ஜனவரி எட்டாம் தேதிக்குள் நான் ரயிலேறிப் போய்ச் சேர வேண்டும். ஹெர்பர்ட் கம்பு இல்லாமல் படியிறங்கினார். உர்சுலா என்னைக் கட்டிக்கொண்டாள். விடவே இல்லை. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

28 டிசம்பர்

உர்சுலா போன். எஞ்சினில் கோளாறு. ஜனவரியில் முடியாது, பிப்ரவரி ஆகலாம், சொல்கிறேன் என்றாள். குரல் தூரமாக இருந்தது. பரவாயில்லை என்றேன். இத்தனை வருஷம் காத்திருந்தவளுக்கு ஒரு மாதம் என்ன?

14 ஜனவரி 1999, வியாழன்

பொங்கல். பால் கிழக்குப் பக்கம் பொங்கியது. கொச்சியிலிருந்து போன் இல்லை.

22 ஜனவரி, வெள்ளி

மோனிகா வந்தாள். "ஹெர்பர்ட் சார் போன் பண்ணாரு டீச்சர். கோவாவுல சூப்பரா நடக்கிறாராம். ஏன் டீச்சர், நீங்க வேணாம்னுட்டீங்களா?"

"எங்கேயிருந்து பண்ணாரு?"

"கோவா டீச்சர். ஒம்பதாம் தேதியே கொச்சியை விட்டுட்டாங்களாமே."

மோனிகாவுக்குக் காபி கொடுத்தேன். உடம்பு சரியில்லாததால் போகவில்லை என்று சொல்லி அனுப்பினேன். அவர்களுக்காக நான் ஏன் பொய் சொன்னேன்?

எஞ்சின் கோளாறு! என்ன எஞ்சின்? பாயில் போகிற படகுதானே? நான் கேட்டேனா அவங்களை? கூட்டினு போங்கன்னு கால்ல விழுந்தேனா? அவங்களாத்தானே கூப்பிட்டாங்க! சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்த பிள்ளையிடம் பஸ் கிளம்பும் நாளை மாற்றிச் சொல்லிவிட்டு, மற்றவர்கள் ஏறிப் போவதுபோல. எந்த டீச்சராவது செய்வாளா இதை? ரொட்டி கிடைத்தது, வடகம் கிடைத்தது, மணல் கிடைத்தது. அப்புறம் டீச்சர் எதற்கு?

கோமளம் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உடுக்கா. வெள்ளக்காரங்க அப்பிடித்தான். வேலை ஆவுற வரைக்கும் அக்கா, தங்கச்சி" என்றாள். என் காலை மடியில் எடுத்துவைத்து அமுக்கிவிட்டாள். இவள் இல்லையென்றால் நான் என்ன ஆவேன்?

25 ஜனவரி

திருமதி உர்சுலா அவர்களுக்கு நான்கு வரி எழுதிக் கிழித்துப்போட்டேன். எந்த விலாசத்துக்கு அனுப்புவது? கடல், மேற்கு?

30 ஜனவரி

ரொட்டி சுடவில்லை. குக்கரில் பருப்பு வெந்தது.

3 பிப்ரவரி, புதன்

உர்சுலா அவர்களின் போன். எடுத்ததும் வைத்துவிட நினைத்தேன். வைக்கவில்லை.

அழுதார். "உன்னிடம் பொய் சொன்னேன், தினமும் உறுத்துகிறது" என்றார். ஏன் என்று ஒரு சொல்தான் கேட்டேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். டிசம்பர் ஐந்தாம் தேதி கோமளம் அவரை அடுக்களையில் உட்காரவைத்து, என் ஜாதகத்தில் தண்ணீரால் சாவு என்று எழுதியிருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். "வாட்டர். சிஸ்டர். ஃபினிஷ்." கையால் மூக்கைப் பிடித்து மூழ்கியும் காட்டியிருக்கிறாள். இது எனக்குத் தெரியாதென்றும், தெரிந்தால் மனசு உடைந்து போவேன் என்றும், சொல்லவே கூடாதென்றும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். உர்சுலா நம்பவில்லை. ஹெர்பர்ட் நம்பினார். வெள்ளிக்கிழமை நங்கூரம் தூக்காதவர் நம்பாமல் என்ன செய்வார்? அந்தப் பெண்மணி என் படகில் ஏறினால் நான் இறங்கிவிடுவேன் என்றாராம். உண்மையைச் சொல்ல உர்சுலாவுக்குத் தைரியம் வரவில்லை. கோமளத்துக்குக் கொடுத்த வாக்கு வேறு.

"எனக்கு ஜாதகமே கிடையாது" என்றேன்.

போனை வைத்துவிட்டேன்.

அப்பா சுரங்கத்தில் கட்டை முட்டுக் கொடுக்கிற வேலை பார்த்தவர். ஜாதகம் கணிக்க வந்தவரை, "தெனம் மண்ணுக்கு அடியில பூந்து வரவன் வூட்டுல இன்னாத்த கண்டம் பாக்குறது" என்று திருப்பி அனுப்பியவர். எங்கள் இருவருக்குமே எழுதவில்லை. கோமளத்துக்கு இது தெரியும். என்னைவிட நன்றாகத் தெரியும்.

4 பிப்ரவரி

காலையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்தேன்.

"எனக்கு யாருடி ஜாதகம் எழுதுனது?"

"எந்த ஜாதகம்?" கை நிற்கவில்லை.

"தண்ணியில கண்டம்னு எழுதியிருக்காமே."

கை நின்றது. "போன் பண்ணாளா" என்றாள். அவ்வளவுதான். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே, போவாதேன்னு."

"சொன்னா நின்னிருப்பியா?"

நின்றிருக்கமாட்டேன்.

"அறுவத்திரெண்டு வயசுல பாய் கட்டினு கடல்ல போறேன்றே. எதனா ஆச்சுன்னா நான் யார் வூட்டு வாசல்ல போய் நிக்கிறது? ஒரு வார்த்த கேட்டியா, நீ தனியா இருந்துக்குவியாடின்னு? பேங்க்ல சொன்னே. பால்காரன்கிட்ட சொன்னே. எனக்குச் சோறு துன்றப்போ நடுவுல சொன்னே, ரசத்துல உப்பு கம்மின்ற மாதிரி."

"அதுக்குப் பொய்யா? என் சாவைச் சொல்லியா?"

கீரையைக் கூட்டி அள்ளிக்கொண்டு எழுந்துபோனாள்.

கண்டம். எத்தனை ஆயிரம் முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன் இந்தச் சொல்லை! ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா என்று பிள்ளைகள் ராகம் போட்டுச் சொல்வார்கள். ஏழும் எனக்கு மனப்பாடம். என் வீட்டு அடுக்களையில் எட்டாவது ஒன்று இருந்தது தெரியாமல் போயிற்று.

அவள் தடுத்ததுகூட இல்லை. தடுக்கலாம், தங்கைக்கு உரிமை உண்டு. காலை அமுக்கிவிட்டாளே, அதுதான். வெள்ளக்காரங்க அப்பிடித்தான்னு சொல்லி என் கண்ணைத் துடைச்சாளே — தானே குத்திட்டு, தானே மருந்து போட்டு, யார் குத்துனாங்கன்னு வேற கையைக் காட்டி... நான் அன்னிக்கு எழுதினதை இப்ப படிச்சேன். "இவள் இல்லையென்றால் நான் என்ன ஆவேன்?" கோவாவுல இருந்திருப்பேன். அதான் ஆயிருப்பேன்.

7 பிப்ரவரி

பேச்சு இல்லை. காபி டம்ளரை என் அறை வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள். குடிக்கிறேன். குடிக்காமலிருக்க அவ்வளவு வைராக்கியம் இல்லை.

9 பிப்ரவரி

இருபது வருஷத்தில் இன்னும் என்னென்ன? திருவனந்தபுரம் சுற்றுலாவுக்கு நான் பெயர் கொடுத்த வாரம் அவளுக்கு நெஞ்சுவலி வந்ததே. அது? நான் போகாமல் நின்ற அந்த வட்டார மாநாடு? ஒரு கூட்டல் தப்பென்றால் கணக்கு முழுவதையும் திரும்பப் போட வேண்டியிருக்கிறது. இப்படி யோசிக்கவைத்துவிட்டாளே என்னை.

13 பிப்ரவரி, சனி

ஹெர்பர்ட்டே போன் செய்தார். "டீச்சர், நான் ஒரு கிழட்டு முட்டாள்" என்று தொடங்கினார். இருபத்தொன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கோவாவிலிருந்து மும்பைக்குக் கிளம்புகிறார்கள். அங்கிருந்து இந்தியாவை விட்டே போகிறார்கள். மும்பைவரை பத்து நாள். "வருவீர்களா? கேட்கிற தகுதி எனக்கு இல்லை."

அடுக்களையில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் இங்கிலீஷில்தான் பேசினேன். "எந்தத் தேதி என்றீர்கள், இருபத்தொன்றா?" என்று ஒருமுறை திருப்பிக் கேட்டேன். பாத்திரச் சத்தம் நின்றது. பிறகு மறுபடி ஆரம்பித்தது.

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வைத்த உடனே திருப்பிக் கூப்பிட்டேன். வருகிறேன்.

19 பிப்ரவரி, வெள்ளி

சாயங்காலம் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் கோவா பஸ். கோமளத்திடம் கேஜிஎஃப் போவதாகச் சொன்னேன். சுனிதா மகளுக்கு வளைகாப்பு. சித்தி பேத்தி சுனிதாவுக்கு மகளே கிடையாது, மூன்றும் பையன்கள். கோமளத்துக்கு அதெல்லாம் நினைவிருக்காது. பரவாயில்லை.

இரண்டு வாரத்தில் நாங்கள் பேசிய முதல் பேச்சு இது, அதுவும் பொய். உண்மையைச் சொல்லலாம். சொன்னால் இன்னொரு கண்டம் கிளம்பும் என்ற பயம் ஒன்று. ஆனால் அது மட்டுமில்லை. அவளுக்குத் தெரியாமல் போக வேண்டும் என்று இருக்கிறது. அவளும் ஒருநாள் மோனிகா வாயிலிருந்து கேட்கட்டும். முப்பத்திநான்கு வருஷம் பிள்ளைகளுக்கு நீதிபோதனை வகுப்பு எடுத்தவள் எழுதுகிறேன் இதை.

"எப்ப வருவே?" என்றாள்.

"பத்து நாள் ஆவும்."

வளைகாப்புக்குப் பத்து நாளா என்று கேட்கவில்லை. புளிசாதம் கிளறினாள். பையை அவளே அடுக்கினாள். கேன்வாஸ் ஷூவை நான் தனியாக எடுத்துப் புடவைக்குள் ஒளித்தேன். வாசல் வரை வந்தாள்.

"பாத்து எறங்குக்கா" என்றாள்.

22 பிப்ரவரி, திங்கள். படகில்

எழுத்து கோணலாக வருகிறது. மேஜை சாய்ந்திருக்கிறது, நானும்தான்.

நேற்றுக் காலை கோவாவில் ஆற்றின் வாயைத் தாண்டிக் கடலுக்குள் வந்தோம். பாய் முதலில் படபடவென்று அடித்துக்கொண்டது. பிறகு ஒரே இழுப்பில் விறைத்து நின்றது, எஞ்சினை அணைத்தார்கள், சத்தம் எல்லாம் போய்விட்டது. தண்ணீர் மட்டும் பக்கத்தில் உரசிக்கொண்டு போகிறது. கடல் பிடித்திருக்கிறதா என்று உர்சுலா கேட்டாள். பெரிதாக இருக்கிறது என்றேன். வேறு சொல் கிடைக்கவில்லை. அவளை மன்னித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். அவளும் நானும் ஒரே பொய்க்குள்தான் மாட்டியிருந்தோம்.

மதியம் ரொட்டி சுட்டாள். குக்கர் ஆடாமல் இருக்க அடுப்பில் இரண்டு பக்கமும் கம்பி கட்டியிருக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். தீயைக் குறை என்று ஒருமுறை சொன்னேன், வேறு ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரொட்டி வாசனை கிளம்பும் நேரம் பார்த்து எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தேன். ஹெர்பர்ட் என் புடவையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார், கடலில் விழுந்துவிடுவேன் என்று. அவருக்கு இன்னும் முழுசாக நம்பிக்கை வரவில்லை பாவம்.

முகம் துடைக்கத் துண்டு தேடினேன். பையின் அடியில், புளிசாதம் கட்டியிருந்த துணிக்கும் கீழே, நான் வைக்காத ஒரு சிறு பொட்டலம். பிரித்தேன். உப்பு நார்த்தங்காய். அதோடு வாந்திக்கான அவோமின் மாத்திரை, ஒரு முழுப் பட்டை.

கேஜிஎஃப் ரயிலில் இரண்டரை மணி நேரம். வழியில் ஒரு குலுக்கல் கிடையாது. அதற்கு யாராவது வாந்தி மாத்திரை வைப்பார்களா?

வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். இதற்கு என்ன பெயர்? அவள் மன்னிப்புக் கேட்கவுமில்லை, நான் கொடுக்கவுமில்லை. ஒரு மாத்திரையை விழுங்கினேன். நார்த்தங்காயை வாயில் அடக்கிக்கொண்டேன். அரைமணியில் வயிறு அடங்கியது. கோபம் அடங்கவில்லை, அது இருக்கிறது, அப்படியே. ஆனால் ரொட்டியில் இரண்டு துண்டு தின்றேன்.

நாளை மறுநாள் ரத்னகிரியில் நங்கூரம் போடுவோம் என்கிறார் ஹெர்பர்ட். கரையிறங்கினால் எஸ்டிடி பூத் இருக்கும். வீட்டுக்கு ஒரு போன் போட வேண்டும்.

கேஜிஎஃப்பில் எல்லாரும் சௌக்கியம் என்று சொல்வேன்.